கயிறு பிடிக்க ஆளில்லாமல் போன ஊர்
(வாசகர் கேள்வி – பதில்)

போன இதழில் ஒரு வாசகர், “ஊரே ஒன்றுகூடி, ‘எங்களை இங்கிருந்து கூட்டிப் போய்விடுங்கள்’ என்று அரசாங்கத்துக்கு மனு எழுதியதாகப் படித்தேன், நிஜமா?” என்று கேட்டிருந்தார். நிஜம்தான், ஸ்காட்லாந்துக்கு மேற்கே நடுக்கடலில் செயின்ட் கில்டா என்று ஒரு தீவுக்கூட்டம், அதில் இருந்த ஒரே ஊர் 1930 ஆகஸ்ட் 29 அன்று காலியானது என்று நாலு வரியில் பதில் எழுதினேன். நாலு வரி எப்படிப் போதும் என்று கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. நியாயம்தான். இந்த முறை பக்கம் முழுவதும் அந்த ஊருக்கே.

செயின்ட் கில்டா என்ற புனிதர் யார்? அந்த ஊர் எங்கே இருக்கிறது? – வாசகர், திருச்சி

அப்படி ஒரு புனிதரே கிடையாது. பழைய நார்வே மொழியில் கேடயங்களைக் குறிக்கும் ‘ஸ்கில்டிர்’ என்ற சொல்லை வரைபடம் வரைந்தவர்கள் தப்பாகப் படித்து, தப்பான இடத்தில் எழுதி, அது நாளடைவில் புனிதரின் பெயர் போல ஆகிவிட்டது என்று ஒரு விளக்கம் உண்டு. ஆட்கள் வாழ்ந்த பெரிய தீவுக்குப் பெயர் ஹிர்ட்டா. அங்கிருந்தவர்கள் பேசியது கேலிக் மொழி.

ஸ்காட்லாந்தின் மேற்கே வடக்கு யூயிஸ்ட் என்று ஒரு தீவு, அதிலிருந்தும் அறுபது கிலோமீட்டருக்கு மேல் அட்லாண்டிக்கில் போனால்தான் ஹிர்ட்டா. பரப்பு ஆறு சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் உயரத்தைப் பாருங்கள்: கோனாஹேர் என்ற மலை 430 மீட்டர், அதன் ஒரு பக்கம் அப்படியே செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது, பிரிட்டனிலேயே உயரமான கடல் பாறை முகம் அதுதான். தீவில் மரமே இல்லை. ஒரு விரிகுடா, அதன் கரையில் பிறை வடிவில் ஒரே தெரு. ஊர் அவ்வளவுதான். அதில் குறைந்தது இரண்டாயிரம் வருடமாக மனிதர்கள் இருந்திருக்கிறார்கள்.

பறவைகளை மட்டுமே தின்று வாழ்ந்தார்கள் என்று யூடியூபில் சொல்கிறார்களே? – வாசகி, சேலம்

‘மட்டுமே’ என்பது சரியில்லை. பார்லி, ஓட்ஸ், பின்னாளில் உருளைக்கிழங்கு, ஆடு, சில மாடுகள் எல்லாம் இருந்தன. ஆனால் அந்த மண்ணும் உப்புக் காற்றும் கொடுத்தது வயிற்றுக்குப் போதாது. மீன் பிடிக்கலாமே என்று தோன்றும். கடல் அங்கே பெரும்பாலான நாட்களில் படகை இறக்கவே விடாது. ஆகவே பாறை முகங்களில் லட்சக்கணக்கில் வந்து கூடு கட்டும் கடற்பறவைகள்தான் அவர்களுக்கு வயலும் கடையும்.

முக்கியமானவை மூன்று. கேனட் என்ற பெரிய வெள்ளைப் பறவை, பஃபின் என்ற வண்ண மூக்குப் பறவை, அப்புறம் ஃபுல்மார். இந்த ஃபுல்மாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1878 வரைக்கும் பிரிட்டனில் இந்தத் தீவுக்கூட்டத்தைத் தவிர வேறெங்கும் அது குஞ்சு பொரித்ததில்லை. பக்கத்தில் போனால் வயிற்றிலிருந்து நாற்றமடிக்கும் எண்ணெயை மூஞ்சியில் பீய்ச்சும். அந்த எண்ணெய்தான் ஊருக்கு விளக்கு, ஊருக்கு மருந்து. அதனால் எண்ணெய் சிந்தாதபடி பிடித்துக் கழுத்தைத் திருகுவதே ஒரு கைத்திறன். எண்ணெயை ஊற்றி வைக்கப் பாத்திரம் எது தெரியுமா, கேனட் பறவையின் உலர்ந்த இரைப்பை. கேனட்டின் கழுத்துத் தோலில் பெண்கள் செருப்பு செய்து போட்டிருக்கிறார்கள், சில நாளில் கிழிந்துவிடும், அடுத்தது செய்துகொள்வார்கள். இறகு நிலச்சுவான்தாருக்கு வாடகையாகப் போகும், ஒவ்வொரு கோடையிலும் அவருடைய ஆள் படகில் வந்து வாங்கிக்கொண்டு போவார்.

1697-ல் மார்ட்டின் மார்ட்டின் என்பவர் (ஸ்கை தீவைச் சேர்ந்தவர், கேலிக் அவருக்குத் தாய்மொழி) அங்கே போய்த் தங்கி எழுதியிருக்கிறார். அப்போது மக்கள்தொகை சுமார் 180. அவர் எழுதியதில் என் மனதில் நின்றது பறவைக் கணக்கு இல்லை, கயிற்றுக் கணக்கு. ஊருக்கே மொத்தம் மூன்று கயிறுகள், ஒவ்வொன்றும் 24 பாகம் நீளம், அதாவது ஏறக்குறைய 44 மீட்டர். மூன்றும் ஊர்ப் பொதுச் சொத்து. படகும் ஒன்றே ஒன்று, அதுவும் பொது. ஒருவன் பாறை முகத்தில் தொங்குவான், மேலே இருப்பவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். கிடைத்ததை வீடு வாரியாகப் பங்கு போடுவார்கள், மலையேற முடியாத கிழவருக்கும் விதவைக்கும் பங்கு உண்டு. இந்தக் கயிற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை வரும்.

பிடித்த பறவையைக் கெடாமல் வைப்பதற்குத்தான் ‘கிளெய்ட்’. சுண்ணாம்பு, மண் எதுவும் பூசாமல் கல்லை மட்டும் அடுக்கி, மேலே புல்வேர் மண்ணைப் பத்தையாக வெட்டிப் போட்டு மூடிய சின்னக் குடில். கல் இடுக்கில் காற்று புகுந்து ஓடும், மழை இறங்காது, உள்ளே வைத்த இறைச்சி, முட்டை, கயிறு, கரி எல்லாம் ஈரமின்றி இருக்கும். ஹிர்ட்டாவில் மட்டும் இப்படி 1,200-க்கு மேல் இருக்கின்றன, மலை உச்சி வரை. இத்தனை மழை பெய்யும் ஊரில் காற்றையே உலர்த்தும் கருவியாக ஆக்கிய அந்த அறிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

தினமும் ‘பாராளுமன்றம்’ கூடுமாமே? – வாசகர், விருதுநகர்

ஆமாம், அந்தப் பெயர் வெளியிலிருந்து வந்தவர்கள் வைத்தது. காலையில் ஜெபம், சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் தெருவில் கூடுவார்கள். தலைவர் கிடையாது, நிகழ்ச்சி நிரல் கிடையாது, எல்லாரும் ஒரே நேரத்தில் பேசலாம். இன்று காற்று எப்படி, எந்தப் பாறைக்குப் போகலாம், யார் படகில், யார் கயிற்றில் என்று முடிவாகும். சில நாள் பேச்சு நீண்டு வேலையே நடக்காமல் போவதும் உண்டு. 1886-ல் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது, தாடி வைத்த ஆண்கள் இரண்டு வரிசையாகத் தெருவில் நிற்பார்கள். சுற்றுலாக் கப்பலில் வந்தவர்கள் இதை வேடிக்கையாகவும் சோம்பேறித்தனமாகவும் எழுதிவிட்டுப் போனார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உங்கள் உயிரை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டு நூறு மீட்டர் கீழே தொங்கப் போகிறீர்கள் என்றால், அவனோடு காலையில் நன்றாகப் பேசித் தீர்த்துக்கொண்டுதான் போக வேண்டும்.

அந்த ஊர் 1930-க்கு முன்பே ஒருமுறை அழிந்ததாகக் கேள்வி. விவரம்? – வாசகர், மார்த்தாண்டம்

பெரியம்மை. 1720-களின் கடைசியில். ஹாரிஸ் தீவுக்குப் போயிருந்த ஒரு ஹிர்ட்டாக்காரர் அங்கே இறந்துபோனார், அவருடைய துணிகளை ஊருக்கு எடுத்து வந்தார்கள், நோயும் கூடவே வந்துவிட்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அதே நேரத்தில், ஆகஸ்ட் மாதம், மூன்று ஆண்களையும் எட்டுப் பையன்களையும் ஸ்டாக் அன் ஆர்மின் என்ற பாறையில் பறவை பிடிக்க இறக்கிவிட்டுப் படகு திரும்பியிருந்தது. ஸ்டாக் என்றால் கடலிலிருந்து நேராக எழும்பும் கல்தூண், இது 196 மீட்டர் உயரம், மேலே ஒரு கல்குடிலைத் தவிர ஒன்றும் கிடையாது. சில நாளில் படகு வரும் என்றுதான் போனார்கள்.

படகு வரவில்லை. குளிர்காலம் முழுவதும் வரவில்லை. ஊரில் துடுப்புப் போடும் அளவுக்கு ஆள் உயிரோடு இல்லை. அதுதான் காரணம். பறவையையும் மீனையும் தின்று அந்தப் பதினொரு பேரும் அந்தக் கல்மேல் ஒன்பது மாதம் உயிர் பிழைத்திருக்கிறார்கள், அடுத்த மே மாதம் நிலச்சுவான்தாரின் ஆள் வந்த பிறகுதான் மீட்கப்பட்டார்கள். திரும்பி வந்தபோது வீடுகளில் ஏறக்குறைய யாரும் இல்லை. அந்தப் பதினொரு பேரில் ஒருவர்கூடச் சாகவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் அந்த மூன்று பெரியவர்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன், டிசம்பர் புயலில், ஊர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு, அந்தப் பையன்களிடம் என்ன சொல்லியிருப்பார்கள்.

அப்புறம் நிலச்சுவான்தார் வேறு தீவுகளிலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார். நாம் புகைப்படங்களில் பார்க்கும் மக்களில் பெரும்பாலோர் அப்படி வந்தவர்களின் வம்சம்.

அங்கே குழந்தைகள் பிழைப்பதே அரிது என்று படித்தேன். ஏன்? – வாசகி, மதுரை

எழுதவே கஷ்டமான பதில் இது. ஊரில் அதற்கு ‘எட்டு நாள் நோய்’ என்று பெயர். குழந்தை நன்றாகத்தான் பிறக்கும். நாலாவது, ஐந்தாவது நாளில் பால் குடிக்காது, தாடை இறுகும், பிறகு உடம்பு வில்லாக வளையும், எட்டு நாளில் போய்விடும். பிறந்த குழந்தைக்கு வரும் வில்வாதம், டெட்டனஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இப்படிப் போயின. தாய்மார்கள் குழந்தைக்குத் துணி தைத்து வைப்பதைக்கூட எட்டு நாள் தாண்டட்டும் என்று தள்ளிப்போட்டிருக்கிறார்கள். காரணம் எது என்பதில் இன்றும் விவாதம் இருக்கிறது. தொப்புளில் ஃபுல்மார் எண்ணெய் தடவியது, மாடும் மனிதரும் ஒரே கூரையின் கீழ் குளிர்காலத்தைக் கழித்த பழைய வீடுகளின் எருமண், தொப்புள்கொடியை நறுக்கிய கத்தி என்று பலதும் சொல்கிறார்கள்.

அங்கிருந்த பாதிரியார்களில் பலர் இதைக் கடவுளின் சித்தம் என்று விட்டுவிட்டார்கள். ஆங்கஸ் ஃபிட்ஸ் என்பவர் விடவில்லை. 1889-ல் வந்தவர். கிளாஸ்கோ போய், பிரசவத்தில் கிருமி நீக்கும் முறைகளை உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்து, ஊர் மருத்துவச்சிகளின் எதிர்ப்பையும் மீறி அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1891-க்குப் பிறகு ஒரு குழந்தைகூட அந்த நோயில் சாகவில்லை. செயின்ட் கில்டா பற்றிய கட்டுரைகளில் கடைசி நாள் பற்றிப் பத்துப் பக்கம் இருக்கும், ஃபிட்ஸுக்கு ஒரு வரி இருக்கும். எனக்கு அது மனத்தாங்கல். ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள், அந்த நோய் நின்றபோது ஏற்கெனவே இரண்டு மூன்று தலைமுறை இழப்பு நடந்து முடிந்துவிட்டது. 1900-களில் கயிறு பிடிக்க வேண்டிய கைகளில் பல அந்தச் சின்ன வட்டக் கல்லறைத் தோட்டத்துக்குள் இருந்தன.

ஸ்காட்லாந்தில் நிலச்சுவான்தார்கள் ஆடு மேய்க்க மக்களை விரட்டினார்களே, இதுவும் அதுதானா? – வாசகர், கோயம்புத்தூர்

இல்லை, அதனால்தான் இதைத் தனியாகப் பார்க்க வேண்டும். நீங்கள் சொல்வது ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதியான ஹைலண்ட்ஸில் நடந்த வெளியேற்றங்கள். ஒரு உதாரணம் போதும். 1845 மே மாதம், க்ளென்கால்வி என்ற பள்ளத்தாக்கிலிருந்து 18 குடும்பங்களை வெளியேற்றினார்கள், நிலம் ஆட்டுக்குப் போனது. போக இடமில்லாமல் குரோய்க் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், துணியையும் போர்வையையும் கட்டிக்கொண்டு, குழந்தைகளோடு தங்கினார்கள். தேவாலய ஜன்னல் கண்ணாடியில் கீறி எழுதிவிட்டுப் போனார்கள். ‘க்ளென்கால்வி மக்கள், பொல்லாத தலைமுறை’ என்று ஒரு கண்ணாடித் துண்டில் இருக்கிறது, இன்றும் படிக்கலாம். தங்களுக்கு நேர்ந்தது தங்கள் பாவத்தின் தண்டனை என்று அவர்கள் நம்பவைக்கப்பட்டிருந்தார்கள்.

ஹிர்ட்டாவில் அப்படி யாரும் விரட்டவில்லை. 1852-ல் 36 பேர் தாங்களாகவே ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள், பிரிஸில்லா என்ற கப்பல், ஏறக்குறைய பாதிப்பேர் நோயில் இறந்துபோனார்கள். அதுவரை நூற்றுப் பத்துப் பேர் இருந்த ஊர். மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் போய்விட்டது. 1863-ல் ஹாரிஸுக்குப் போன படகு மூழ்கி எட்டுப் பேர். இந்த இரண்டு அடியிலிருந்தும் ஊர் மீளவே இல்லை என்பது என் எண்ணம்.

நிலச்சுவான்தார் என்றதும் நம் ஊரோடு தொடர்புள்ள ஒரு செய்தி. அந்தக் காலத்தில் தீவுக்குச் சொந்தக்காரர் சர் ஜான் மெக்பர்சன் மெக்லியாட். இவர் சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்தவர், 1811-ல் இங்கே வேலைக்கு வந்தவர். 1830-களில் மெக்காலே தலைமையில் அமைந்த இந்திய சட்ட ஆணையத்தில் சென்னை மாகாணத்தின் உறுப்பினர், இந்திய தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவு அந்த ஆணையத்தில் எழுதியதுதான். 1860-ல் ஒரு புயல் ஹிர்ட்டாவின் கூரைகளைப் பிய்த்துப் போட்டபோது, இவர்தான் பணம் கொடுத்து, துத்தநாகத் தகடு வேய்ந்த 16 புது வீடுகளைக் கட்டிக் கொடுத்தார். இன்று படங்களில் நாம் பார்க்கும் தெரு அதுதான். நல்ல மனதோடு செய்த வேலை, ஆனால் குனிந்து வட்டமாக இருந்த பழைய கல்வீடுகள் புயலுக்குத் தாக்குப் பிடித்த மாதிரி இந்த நேர்ச்சுவர் வீடுகள் பிடிக்கவில்லை, குளிரும் அதிகம். 1871-ல் அவர் தீவை ஸ்கை தீவின் மெக்லியாட் குடும்பத்துக்கே விற்றுவிட்டார்.

மெல்பர்னில் என் மகன் இருக்கும் பகுதிக்கும் செயின்ட் கில்டா என்றுதான் பெயர். அந்த 36 பேர் வைத்ததா? – வாசகி, தஞ்சாவூர்

இல்லை அம்மா. அவர்கள் போவதற்குப் பத்து வருடம் முன்பே அந்தப் பெயர் வந்துவிட்டது. ‘லேடி ஆஃப் செயின்ட் கில்டா’ என்ற பாய்மரக் கப்பல் அந்தக் கரையில் நின்றிருந்தது, அதிலிருந்து. அந்தக் கப்பலுக்குத்தான் நம் தீவின் நினைவாகப் பெயர். அதன் பழைய உரிமையாளர் சர் தாமஸ் டைக் அக்லண்ட் தீவுக்கு வந்துபோனவர், ஊரைச் சீர்படுத்தப் பணம் கொடுத்தவர்.

கடிதப் போக்குவரத்து எப்படி? – வாசகர், பழனி

இந்தக் கேள்விக்கு ரொம்ப நன்றி, எனக்குப் பிடித்த பகுதி. 1877 ஜனவரியில் ஓர் ஆஸ்திரியக் கப்பல் அங்கே உடைந்து ஒன்பது மாலுமிகள் கரையேறினார்கள். ஊரிலோ குளிர்காலத் தானியம் குறைச்சல், இருந்தும் அவர்களுக்கும் பங்கு போட்டார்கள். தீவில் அப்போது மாட்டிக்கொண்டிருந்த ஜான் சாண்ட்ஸ் என்ற பத்திரிகையாளர், அந்தக் கப்பலின் மிதவையில் ஒரு பாட்டிலைக் கட்டி உள்ளே கடிதம் வைத்துக் கடலில் விட்டார். ஒன்பதே நாளில் ஆர்க்னி தீவில் ஒதுங்கியது, கப்பற்படைக் கப்பல் வந்து மாலுமிகளை மீட்டது.

அன்றிலிருந்து ஊர்க்காரர்கள் இதையே வழக்கமாக்கிக்கொண்டார்கள். ஒரு கட்டையைப் படகு மாதிரி குடைந்து, உள்ளே கடிதத்தையும் தபால்தலைக்குக் காசையும் வைத்து மூடி, ஆட்டின் சவ்வுப்பையை ஊதிக் கட்டி, வடமேற்குக் காற்று வீசும் நாளாகப் பார்த்து விடுவார்கள். ஸ்காட்லாந்துக் கரையில் ஒதுங்கும், சில சமயம் நார்வே வரை போகும். எடுத்தவர் தபாலில் சேர்ப்பார். 1912-ல் உணவுத் தட்டுப்பாடு, மறுவருடம் காய்ச்சல், அதற்கப்புறம்தான் 1913-ல் கம்பியில்லாத் தந்தி வந்தது.

முதல் உலகப்போரில் அந்தக் குக்கிராமத்தின் மேல் குண்டு போட்டார்களா? – வாசகர், வேலூர்

ஆம். தீவில் கடற்படை ஒரு தந்தி நிலையம் வைத்திருந்தது. 1918 மே 15 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று விரிகுடாவுக்குள் வந்து, ஊர்க்காரர்களை விலகச் சொல்லி எச்சரித்துவிட்டு, 72 குண்டுகள் சுட்டது. தந்தி நிலையம் போனது, தேவாலயத்துக்குச் சேதம். மனிதர் யாரும் சாகவில்லை, ஒரு ஆட்டுக்குட்டி செத்தது. பிறகு பீரங்கி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள், இன்னும் இருக்கிறது. எதிரிமேல் ஒருமுறைகூடச் சுட்டதில்லை.

ஆனால் அந்தக் குண்டுகளைவிட ஊரை மாற்றியது அந்தப் படைவீரர்கள் அங்கே இருந்த நான்கு வருடம்தான். வாராவாரம் தபால், கைக்குக் கூலிக்காசு, வெளியுலகப் பேச்சு. போர் முடிந்து படை கிளம்பியது, எல்லாம் ஒரே நாளில் நின்றது. இளைஞர்கள் அப்புறம் தங்கவில்லை.

சரி, கடைசியில் ஏன் போனார்கள்? ஒரே வரியில் சொல்ல முடியுமா? – வாசகர், நாகப்பட்டினம்

ஒரே வரியில் என்றால்: கயிறு பிடிக்க ஆளில்லை. ஆனால் கொஞ்சம் விரித்துச் சொல்ல விடுங்கள்.

1920-ல் 73 பேர். 1928-ல் 37. நடுவில் 1926-ல் காய்ச்சலில் நான்கு ஆண்கள். ஒரு பெரிய ஊரில் நான்கு பேர் என்பது துக்கம், அங்கேயோ அது ஒரு படகின் துடுப்புகள். பாறையில் இறங்க ஒருவன் என்றால் மேலே சிலர் வேண்டும், படகை அலையில் இறக்கவும் இழுத்துக் கரையேற்றவும் ஒரு குழு வேண்டும், பக்கத்துத் தீவில் ஆட்டைச் சுற்றி வளைக்க இன்னும் அதிகம் வேண்டும். இதற்கெல்லாம் ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கை இருக்கிறது, அதற்குக் கீழே போனால் எவ்வளவு மனத்திடம் இருந்தாலும் வேலை நடக்காது.

1930-ல் கர்ப்பிணியான ஓர் இளம் பெண் நோய்வாய்ப்பட்டார். குளிர்காலக் கடலில் அவரை உடனே கொண்டுபோக முடியவில்லை. கடைசியில் கிளாஸ்கோ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தும் பிழைக்கவில்லை, குழந்தையும் பிழைக்கவில்லை. ரொம்ப காலம் குடல்வால் நோயில் இறந்தார் என்றே எழுதிவந்தார்கள், அது சரியில்லை என்று பின்னாளில்தான் தெரிந்தது. வில்லியமினா பார்க்லே என்ற செவிலியர் அப்போது தீவில் இருந்தார், போய்விடலாம் என்று பேச ஆரம்பித்தவர்களில் அவரும் முக்கியமானவர்.

மே 10 அன்று 20 பேர் கையெழுத்திட்டு ஸ்காட்லாந்து அமைச்சர் வில்லியம் ஆடம்சனுக்கு மனு போனது. பலரும் இதைத் தோல்வி மனு மாதிரி பேசுகிறார்கள். படித்துப் பார்த்தால் அது நிதானமான ஒரு கணக்கு. ஆள்பலம் வருடாவருடம் குறைந்துவிட்டது, இப்போது மொத்தம் 36 பேர், அதில் பல ஆண்கள் இந்த வருடம் வேலை தேடிக் கிளம்ப முடிவு செய்துவிட்டார்கள், ஆட்டைப் பார்ப்பதும் நெசவு நெய்வதும் விதவைகளைக் கவனிப்பதும் இவர்கள்தான், இவர்கள் போய்விட்டால் மற்றவர்கள் இன்னொரு குளிர்காலம் இங்கே இருக்க முடியாது, எல்லாரையும் சேர்த்துக் கொண்டுபோய் வீடும் வேலையும் தாருங்கள் என்பதுதான் சாரம். அந்த ‘விதவைகள்’ என்ற சொல்லில்தான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. திடமான ஆண்கள் தங்கள் பாட்டுக்குக் கிளம்பியிருக்கலாம். மார்ட்டின் காலத்தில் பறவையில் பங்கு போட்ட அதே ஊர், கிளம்பும்போதும் யாரையும் விட்டுவிட்டுக் கிளம்பவில்லை.

கடைசி நாள் எப்படி இருந்தது? எங்கே போனார்கள்? – பல வாசகர்கள்

ஆடுகளை முதலில் கப்பலேற்றினார்கள், விற்ற பணம் செலவுக்கு. நாய்களைக் கொண்டுபோக வழியில்லை, கழுத்தில் கல்லைக் கட்டிக் கடலில் போட்டார்கள். ஆகஸ்ட் 29 காலையில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பைபிளைத் திறந்து வைத்து, பக்கத்தில் ஒரு சிறு குவியல் ஓட்ஸ் தானியமும் வைத்து, கதவைப் பூட்டினார்கள் என்று சொல்வார்கள். பிறகு ஹெச்.எம்.எஸ். ஹேர்பெல் என்ற கப்பற்படைக் கப்பலில் ஏறினார்கள். 13 ஆண்கள், 10 பெண்கள், 8 சிறுமிகள், 5 சிறுவர்கள்.

பெரும்பாலோரை லோக்அலைன் என்ற இடத்தில் இறக்கி, சுற்றுப்புறத்தில் குடியமர்த்தினார்கள். ஆண்களுக்கு வனத்துறையில் வேலை. மரமே இல்லாத தீவிலிருந்து வந்தவர்களுக்கு மரம் நடும் வேலை கொடுத்தார்கள் என்பதை எல்லாரும் ஆச்சரியமாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வீடுகள்தான். ஒரே தெருவில் தோளோடு தோள் உரசி வாழ்ந்தவர்களுக்கு மைல் கணக்கில் தள்ளித் தள்ளி வீடு கொடுத்தார்கள். காலையில் கூடிப் பேசத் தெரு இல்லை. ஊர் உண்மையில் கலைந்தது கப்பலில் இல்லை, இங்கேதான். ஹிர்ட்டாவில் பிறந்தவர்களில் கடைசியாக இருந்தவர், எட்டு வயதில் அந்தக் கப்பலேறியவர், 2016-ல் 93 வயதில் காலமானார்.

இப்போது அங்கே யார் இருக்கிறார்கள்? போய்ப் பார்க்கலாமா? – வாசகர், புதுச்சேரி

1931-ல் தீவை வாங்கியவர் பறவைப் பிரியர், அவர் வழியாக 1957-ல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளைக்கு வந்தது. அதே வருடத்திலிருந்து ராணுவத்தின் ஏவுகணை கண்காணிப்பு நிலையமும் இருக்கிறது. நிரந்தரக் குடிமக்கள் என்று யாரும் இல்லை. 1986-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம் ஆனது, முதலில் இயற்கைக்காக மட்டும், 2005-ல்தான் அங்கே வாழ்ந்த மனிதர்களின் பண்பாட்டுக்காகவும் சேர்த்தார்கள். சோயே என்ற பக்கத்துத் தீவிலிருந்து 1932-ல் 107 ஆடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள், பழுப்பு நிறத்தில் சின்னதாக, மிகப் பழைய இனம், அதன் சந்ததிதான் இப்போது தெருவில் மேய்கிறது, விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகளாக அவற்றைக் கணக்கெடுத்து ஆராய்கிறார்கள். மனிதர் வீட்டை ஒட்டியே வாழ்ந்த ஒரு தனி வகை வீட்டு எலி இருந்தது, மனிதர் போனதும் சீக்கிரமே அற்றுப்போனது. வயல் எலி பிழைத்துக்கொண்டது.

போகலாம். கோடையில் ஹாரிஸிலிருந்தும் ஸ்கையிலிருந்தும் ஒரு நாள் பயணப் படகுகள் இருக்கின்றன. சில வீடுகளுக்குக் கூரை போட்டுச் சீர்செய்திருக்கிறார்கள், ஒன்றில் அருங்காட்சியகம். மற்றவை கூரையில்லாத சுவர்கள். கிளெய்ட் குடில்களுக்குள் எட்டிப் பாருங்கள், வெளியே மழை பெய்தால் இன்னும் நல்லது, அவை எப்படி வேலை செய்கின்றன என்று அப்போதுதான் புரியும். அலை அதிகமாக இருந்தால் கரையில் இறக்க மாட்டார்கள், அதனால் கையில் ஒன்றிரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு போங்கள்.